தலைக்கு எடுத்த மண்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலதான் நிக்கும். டைஃபாய்டுல விழுந்து எந்திரிச்சப்போ முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு. யார்மேல கோபப்படறதுன்னு தெரியாம சீப்பைத் தூக்கி எறிஞ்சேன். கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருந்தது. பொண்ணு பார்க்க வந்தவங்க என் சடையைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தாங்க. அந்தச் சடை இப்போ சுண்டுவிரல் தடிமன். போன் எடுத்தாலே அம்மா அழுகை.

நான் சேலத்துக்காரி. அப்போ கொல்லிமலையில, எடப்புளி நாடுங்கிற ஊர்க்கூட்டத்துல, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தேன். காரவள்ளியில இருந்து பஸ் ஏறுறப்போ நினைச்சுக்குவேன்: இந்த ரோட்டுக்கு எழுபது கொண்டை ஊசி, எனக்குக் குத்திக்க ஒரு கொண்டை இல்லையேன்னு.

பக்கத்து ஊட்டுக்காரிக்கு என் வயசுதான். மிளகும் மரவள்ளியும் போடற குடும்பம். அவளுக்கு முழங்கால் வரைக்கும் முடி. ஒருநாள் என் தலையைப் பார்த்துட்டு, "ஏனுங்க டீச்சர், எங்க ஓடைக்கரை மண்ணைப் போட்டுப் பாருங்க"ன்னா. அந்தச் சனிக்கிழமையே வாழையிலையில சுருட்டி ஒரு உருண்டை கொண்டுவந்தா. சாம்பல் நிறத்துல, வெண்ணெய் மாதிரி வழவழன்னு இருந்தது. ராத்திரி முழுக்க ஊறவெச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, தலையில தேய்ச்சு, காயறதுக்குள்ள அலசிடணும். மிச்சத்தை மூஞ்சியில பூசிக்குவேன். அலசினா தலையே இல்லாத மாதிரி லேசா இருக்கும். முதல் மழை வாசனை நாள் முழுக்க வரும். அந்த ஞாயித்துக்கிழமைகளை நினைச்சா இப்பவும் ஏங்குது.

வாரா வாரம் கொண்டுவந்தா. பதிலுக்கு ஏதாவது செய்யணுமேன்னு சேலத்துல இருந்து பெரிய ஷாம்பு பாட்டில் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். சிரிச்சுட்டு வாங்கிக்கிட்டா. அது அவ ஜன்னல்ல பிரிக்காமலே நின்னுச்சு. அவ முடியோ வரவர சிக்கு விழுந்து, எந்நேரமும் துணிக்குள்ள முடிஞ்சே கிடந்தது. "ஊருக்கெல்லாம் வைத்தியம், உனக்கு மட்டும் சோம்பேறித்தனமா?"ன்னு கிண்டல் பண்ணினேன். அவ தலைத்துணியை இன்னும் இறுக்கி முடிஞ்சுக்கிட்டா.

மிளகு பறிக்கிற சமயம் வந்தது. ஒரு சனிக்கிழமை அவளால வர முடியல. எனக்குப் பொறுமை எங்கே இருக்கு? மறுநாள் காலையில நானே மண்வெட்டியோட ஓடைக்குப் போய் ஒரு பை நிறைய வெட்டிட்டு வந்தேன். ஊறவைக்கல, வடிகட்டல. அப்படியே குழைச்சு அப்பிக்கிட்டு வெயில்ல உக்காந்தேன். ஐயோ, சிமெண்ட்டு கெட்டது போங்க! இழுத்தா மண்ணோட முடியும் சேர்ந்து வருது. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு அழுதுட்டே அவகிட்ட ஓடினேன்.

முதல்ல வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சா. அப்புறம், "யாருங்க இதை எடுத்தது?"ன்னா.

"நானேதான்."

அவ மூஞ்சி வாடிப்போச்சு. "தன் தலைக்குத் தானே எடுக்கக் கூடாதுங்க டீச்சர். உங்களுக்கு இன்னொருத்தர் எடுத்துத் தரோணும். அவங்களுக்கு நீங்க எடுத்துத் தரோணும். இங்க அப்படித்தானுங்க."

என்னை ஓடைக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணிக்குள்ள உக்காரவெச்சு, ஒவ்வொரு இழையா விரலாலயே பிரிச்சு விட்டா. முன்னாடி அவளுக்கு நாத்தனார்தான் எடுத்துத் தருவாளாம். அவ திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாளாம். எனக்கு அப்பத்தான் உறைச்சது. ரெண்டு மாசமா அவ தலைக்கு மண்ணே இல்ல. அவ காத்திருந்தது எனக்காக. நான் கொடுத்தது ஷாம்பு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமில்ல?"ன்னு அவமேலயே பாய்ஞ்சேன்.

"கேட்டு வாங்கக் கூடாதுங்க."

ஈரத்தலையோட கரைக்குப் போய், வெறுங்கையால தோண்டி, ரெண்டு கையும் நிறைய அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். சின்னப்பிள்ளை மாதிரி அதை மோந்து பார்த்தா. மறுநாள் நானே அவ தலையை அலசிவிட்டேன்.

கல்யாணத்துக்குள்ள முடி கொட்டறது நின்னுச்சு. மண்ணாலயா, காய்ச்சல் ஆறினதாலயா, எனக்குத் தெரியாது. சவுரி வெச்சுத்தான் பூ வெச்சாங்க. அப்புறம் சேலத்துக்கே மாத்தல் ஆச்சு. இப்போ முல்தானி மெட்டி பாக்கெட் போன்ல தட்டினா வாசலுக்கே வருது. நான் வாங்கறதில்ல. வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் மலை ஏறுவேன். அவளுக்கு நான், எனக்கு அவ.

நேத்து அவ போன் பண்ணினா. "இந்த வருஷம் நீங்க அலைய வேண்டாமுங்க டீச்சர். கொழுந்தனுக்குக் கல்யாணமாயிருச்சு. கட்டிக்கிட்டு வந்த புள்ளை எனக்கு எடுத்துத் தாரேங்குது."

நல்ல சேதிதான். ஆனா வாய் முந்திக்கிச்சு: "அப்ப எனக்கு யாரு எடுப்பாங்க?"

கேட்டு வாங்கக் கூடாது. தெரியும். கேட்டுட்டேன்.

அவ மெதுவா கேட்டா: "எந்த பஸ்ஸுக்கு வாரீங்க?"