ஏரோப்ளேன் சாமி

மூங்கிலையும் துணியையும் வைத்துத் தானே ஒரு விமானம் செய்து, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயல்களுக்கு மேல் பறந்தவர் கோவிந்தசாமி. அவருக்கு அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். திரும்பி வந்து மூன்று நாளாகியும் கோபம் ஆறவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலில் காலை 7.10 புறநகர் ரயில், டிக்கெட் பதினைந்து ரூபாய். 8.35க்கு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் நாஷ்டா முடித்தேன் (இட்லி, வடை நாற்பது ரூபாய், சாம்பாரைப் பாராட்டாமல் இருக்க முடியாது). ஆட்டோ டிரைவரிடம் விமானி நினைவுச் சின்னம் என்றேன். விழித்தார். போனில் இருந்த கல்லின் போட்டோவைக் காட்டியதும், "அட, ஏரோப்ளேன் சாமியா! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார். தேர்வாய் கண்டிகை ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய்.

சாமியா? அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. மார்பளவுக் கல். உச்சியில் செதுக்கிய விமானம் மட்டும் தெரிகிறது. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு லாரி டிரைவர் கல்லின் முன்னால் லாரியை நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பறந்த மனிதனை லாரிச் சாமியாக்கி வைத்திருக்கிறார்களே, பாவிகள்! கைக்குட்டையை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

"ஏய், கைய எடு!" பக்கத்து வயலிலிருந்து ஓர் அம்மா வரப்பில் ஓடிவந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர், பெயர் சரோஜா.

"இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நானும் கத்தினேன்.

"தெரியாம இன்னா? எங்க ஊட்டுக்காரருக்குத் தாத்தா. மஞ்சா பூசுனதே நான்தான்."

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.

"ரோடு அகலம் பண்ண வந்தானுங்க. பேரப் படிச்சுட்டு, யாரும்மா இது, மந்திரியான்னு ஒருத்தன் கேட்டான். ப்ளேன் உட்டவருன்னேன். சிரிச்சுக்கினே, அடுத்த வாரம் ஜேசிபி வரும்னுட்டுப் போனான். மனு குடுத்துப் பார்த்தேன், ஒரே பேஜாரு. கடைசில மஞ்சாவ அப்பி, வேப்பில சொருவி, சூடம் ஏத்திட்டேன். ஜேசிபிக்காரன் வந்தான், செருப்பக் கழட்டிக் கும்புட்டான், போய்க்கினே இருந்தான். ரோடு எப்பிடி வளையுது பாரு."

பார்த்தேன். சாலை கல்லைச் சுற்றித்தான் வளைந்திருந்தது. சாமிக்கு வளைகிற சாலை மனிதனுக்கு வளையாதாம். தூ!

"பேரு போச்சேன்னு எனக்கு வலிக்காதா நைனா? கல்லாவது நிக்கட்டும்," என்றார்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், நூறு ரூபாய் கூடுதல். மறுபடியும் அளவெடுக்கிறார்களாம், ரோட்டோரம் புதிதாக வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. அதனால் ஒரு மஞ்சள்தூள் பொட்டலம் கட்டாயம். மழை பெய்தால் எழுத்து வெளியே தெரிந்துவிடுகிறது. நான் கிளம்பும்போது, என் ஈரக் கைக்குட்டை பட்ட இடத்தில் 'கோ' லேசாகத் தெரிந்தது. சரோஜா அம்மா நீட்டிய மஞ்சளை வாங்கி, நானே பூசி மறைத்துவிட்டு வந்தேன்.