வெள்ளவத்தைக்கு வந்த நண்டுதின்னி

கடல் வற்றிய காலைகளில் கொழும்பின் வெள்ளவத்தைக் கரையில் பாசி நாற்றமும் தண்டவாளத்து எண்ணெய் நாற்றமும் கலந்து வரும். என் எட்டு வயதுச் சனி ஞாயிறுகள் அந்த நாற்றமாகவே எனக்கு நினைவிருக்கின்றன. வங்கியில் வேலை பார்த்த அம்மா, லீவு நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போவார். "எங்கடை மச்சாள் காகம் பாக்கப் போயிட்டா" என்று மாமி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மார்கழியில், அலையோரக் கல்லொன்றில், வெள்ளை உடம்பும் கறுத்த முதுகும் தடித்த அலகுமாக ஒரு பறவை நின்று நண்டைக் கொத்திக்கொண்டிருந்தது. "நண்டுதின்னி" என்றார் அம்மா. அது மன்னார்ப் பக்கத்துப் பறவை. கொழும்பில் எவரும் கண்டதில்லை. அவர் சேர்ந்திருந்த பறவைச் சங்கத்துக்காரர்களோ, கடற்காகத்தைக் கண்டு மயங்கியிருப்பீர்கள் என்று சிரித்துவிட்டு, படமில்லாமல் பதிய முடியாது என்றார்கள். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சித்தப்பாவின் கமெராவோடு போனோம். அது யுத்த காலம். தண்டவாளத்தோரம் காவலரண் இருந்தது. "தமிழாக்கள் கமெரா தூக்கிக்கொண்டு போற இடமே அது?" என்று சித்தப்பா கேட்டதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பறவை அதே கல்லில்தான் நின்றது. அம்மா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, ஆசை தீர எடுத்துவிட்டுத் திரும்பியபோது சிப்பாய் ஒருவன் நின்றிருந்தான்.

"பொட்டோ கன்ட பே, நோனா." படமெடுக்கக் கூடாதாம்.

பறவையைத்தான் எடுத்தேன் தம்பி என்று அம்மா சிங்களத்தில் சொன்னார். அவனும் எட்டிப் பார்த்து, வடிவான பறவை என்று ஒத்துக்கொண்டான். பிறகு அடையாள அட்டையை வாங்கினான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதோடு பேச்சு முடிந்தது. பிலிமைத் தா, அல்லது பொலிசுக்கு வா என்றான். அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். தானே கமெராவைத் திறந்து பிலிமை இழுத்துக் கொடுத்தார். நான் அழுதேன்.

"பிலிம்தானே போச்சு. நாங்கள் ரெண்டு பேரும் வீட்டை போறம் எல்லே, நட."

அதன்பிறகு அவர் சங்கத்துப் பக்கம் போகவில்லை.

இன்று காவலரண் இல்லை. மணலும் பெரும்பாலும் இல்லை, கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். காட்டுவதற்கு அம்மாவும் இல்லாத இந்த மாரியில் நண்டுதின்னி மறுபடி வந்தது. ஒருவரும் தடுக்காமல் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினேன். கொழும்பில் முதன்முதலாகக் கண்டவர் என்று என் பெயரைப் போட்டு வாழ்த்தினார்கள். அந்த இடத்தில் அம்மாவின் பெயரைப் போடச் சொல்லி எழுதினேன், சான்றில்லாமல் முடியாதாம். அப்படியானால் என் படத்தையும் நீக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.