லேபிள் உள்ள டப்பா

எங்கள் வீட்டில் நல்ல காலி டப்பாவைக் குப்பையில் போடும் வழக்கமில்லை. தண்ணீரில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவிப் பசையை எடுத்து, பருப்பு கொட்டி வைத்துவிடுவோம். அந்த வேலை என் கணவருடையது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முழு மனதோடு செய்த ஒரே வீட்டுவேலையும் அதுதான்.

அதனால்தான், வக்கீல் டப்பாவைக் கேட்டபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

விஷயம் ஒரு சத்து மாவு. ‘சர்க்கரையைத் தானாகவே கட்டுப்படுத்தும்’ என்று முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இவர் அதை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். காலில் வந்த புண் ஆறவேயில்லை. கட்டைவிரலை எடுத்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயே தீருவது என்று கிளம்பினேன்.

“லேபிள் இல்லாம நான் என்னம்மா பண்றது? இப்ப கடைக்கு வர்ற டப்பாவுல அந்த வரியையே எடுத்துட்டானுங்க,” என்றார் வக்கீல்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் டப்பாக்கள் பளபளவென்று நின்றன. ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

“கம்பெனிக்காரனுக்கு அந்த வேலையே வைக்கல நீங்க. சாட்சிய நீங்களே தேய்ச்சிக் கழுவிட்டீங்க,” என்றேன்.

இவர் கடைசி டப்பாவையும் திருப்பிப் பார்த்து வைத்தார். பிறகு, “தங்கச்சிக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே,” என்றார்.

வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் என் நாத்தனாருக்கும் சர்க்கரை உண்டு. உடனே ஆட்டோ பிடித்துப் போனோம். கேட்டதும் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள். பச்சை எழுத்து அப்படியே இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. இனி கம்பெனிக்காரனை ஒரு கை பார்க்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே பாதி மாவு இருந்தது.

“வெல ஜாஸ்தியாச்சே அண்ணி. அதான் தெனம் ஒரே ஒரு ஸ்பூன் போட்டுக் குடிச்சிட்டு வர்றேன்,” என்றாள்.

இவர் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையின் பாதங்களைப் பார்த்தார்.

“மாத்திர போடுறியா?”

“நீதானண்ணா வேணாம்னு சொன்ன?” என்றாள் அவள்.