மூடி போட்ட கேமரா

அருப்புக்கோட்டையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரனின் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த மகராசன் பத்திரிகை வைத்தாலும் சரி, அவன் மனைவி கிருஷ்ணப்ரியாதான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். இவன் விடிந்ததும் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துவிடுவான். வாரம் முழுக்கப் புண்ணாக்கு வாடையையும் தவிட்டுத் தூசியையும் தின்ற நெஞ்சுக்கு அந்த ஒரு நாள் காற்றுதான் மருந்து என்பான். நாற்பது தாண்டிய பிறகு பிடித்த கிறுக்கு என்பாள் கிருஷ்ணப்ரியா. இரண்டும் உண்மைதான்.

கேமரா, வீரசோழன் ஊர்க்காரர் ஹாரிஸிடமிருந்து வந்தது. துபாயிலிருந்து திரும்பியவர், வாங்கியதோடு சரி, தொடவே நேரமில்லை என்று கடைக்கு வந்த இடத்தில் சலித்துக்கொண்டார். "சும்மா கெடக்கத எங்கிட்டத் தள்ளி விடுங்க பாய்" என்று இவன் விளையாட்டாகச் சொல்ல, அடுத்த வாரமே அது கைமாறிவிட்டது. எந்தப் பித்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கோடை முழுக்கப் போயிற்று. கடைக்கு வந்த மாடுகளும் காளைகளும்தான் முதலில் மாட்டின. அதுகள் ஒன்றும் சொல்லவில்லை.

தனியாகப் போவதில்தான் ருசி. கூட ஒருவன் வந்தால் போதும், "இதுல என்னத்தக் கண்டு நிப்பாட்டுற?" என்று கேட்பான். ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்துவதுதானே சுகம். திருச்சுழி ரோட்டில் கரிசல் வெடித்துக் கிடக்கும். சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து, விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டப் புகை எழும்பும். வற்றிய கண்மாய்க்குள் யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தன்பாட்டில் போவார். பாண்டீஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு அப்படியே நிற்பான். கணக்குக் கேட்க ஆள் கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது. வேண்டுமென்றால் வீரசோழன் வரை போவான், இல்லையென்றால் முதல் டீக்கடையிலேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புவான்.

போகப் போக மரமும் கண்மாயும் அவனுக்குப் பத்தாமல் போயின. முகங்கள் பிடித்துக்கொண்டன. வெயிலிலும் கரியிலும் வதங்கிய முகத்தை எப்படிச் சிரிக்க வைப்பது என்று அவனுக்குத் தெரியும். கடைக்காரன் அல்லவா, பேச்சுக்குப் பஞ்சமில்லை. அதோடு ஒரு வழக்கம் வைத்திருந்தான். எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு, அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். ஆதார் கார்டுக்கு முறைத்ததைத் தவிர வேறு படமே இல்லாத ஆட்கள், தங்கள் சிரிப்பைத் தாங்களே பார்த்து வெட்கப்படுவார்கள். அந்த வெட்கத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு லிட்டர் பெட்ரோல் போடலாம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருச்சுழிக்கு முன்னால் ஆடு மேய்க்கும் கருப்பணன் என்ற பெரியவரை எடுத்துக் கொடுத்திருந்தான். சித்திரையில் அந்த வழியாகப் போனபோது பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நின்றது. நடுவில் கருப்பணன், இவன் எடுத்த அதே சிரிப்போடு. ஒரு நிமிடம் மனசு கனத்தது உண்மை. மறு நிமிடமே, ஆள் உயரத்துக்கு நிற்கும் தன் படத்தைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு துள்ளல். புத்தி இருந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். இவன் அந்தப் பிளக்ஸைப் போட்டோ எடுத்து, "நான் எடுத்த படம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். தீவனம் வாங்கும் அத்தனை ஊர்க்காரரும் அதைப் பார்த்தார்கள். பிறகு வெள்ளரிக்காய் விற்கும் பொன்னுத்தாய் போனாள். அவளுடைய பிளக்ஸிலும் இவன் படம், இவன் ஸ்டேட்டஸ். அப்புறம் கரிமூட்டத்துக் கிழவர் ஒருவர்.

வயசாளிகளை எடுத்தால் வயசாளிகள் சாவார்கள். நல்ல படம் ஒன்று வீட்டில் இருந்தால் பிள்ளைகள் அதைத்தான் பிளக்ஸுக்குக் கொடுப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள யாரும் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் வாய் அப்படியா யோசிக்கும்? படத்தையும் சாவையும் ஒரே பலகையில் வைத்து ஊருக்கெல்லாம் காட்டியதே இவன்தான்.

முதலில் கேலியாகத்தான் வந்தது. "அண்ணாச்சி, எங்க மாமியாள ஒரு படம் எடுங்களேன்" என்று கடையில் ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். இவனும் சிரித்தான். அப்புறம் கேலி குறைந்தது. பைக்கை நிறுத்தினால் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார்கள். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. ஒரு ஊரில், நன்றாகப் பழகிய ஆள் ஒருவர் தனியே கூட்டிப் போய்ச் சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதீக. பிள்ளைக பயப்படுதுக. இந்தப் பக்கம் வராம இருந்தா நல்லது." தப்பாக எடுக்காமல் வேறு எப்படி எடுப்பது?

அதற்குப் பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனான். பனைமரத்தை எடுத்தான், காய்ந்த மடையை எடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் செத்த படங்கள். ஒரு நாள் மொட்டைமாடியில் கிருஷ்ணப்ரியா கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள், வெயில் வாகாக விழுந்திருந்தது. கேமராவை எடுத்தான். "வேலை கெடக்குதுங்க" என்று சொல்லி அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். வேலை ஒன்றும் கிடக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அன்றைக்கே அவன் கேமராவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

மார்கழியில் பொன்ராஜ் கடைக்கு வந்தான். வீரசோழன் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வாடிக்கையாளன், தங்கமான பையன். தவிட்டு மூட்டையில் கையை வைத்துக்கொண்டே நின்றான்.

"அண்ணாச்சி, அம்மா படுத்த படுக்கையா கெடக்காக. ஒரு படம் எடுக்கணும். நீங்கதான் வரணும்."

"நானா? ஊருல என்ன சொல்றாகன்னு தெரியுமாப்பா?"

"தெரியும் அண்ணாச்சி. நீங்க வாங்க."

இந்த ஒரு சொல்லுக்கு பாண்டீஸ்வரன் எப்படிக் குளிர்ந்துபோனான் தெரியுமா! ஒருத்தனாவது இருக்கிறானே என்று அன்று முழுக்கக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் கலகலவென்று பேசினான். ஞாயிறு காலையில் அவன் பைக் ஓட்டியது பழைய ஓட்டு. மழை பெய்து கண்மாய்கள் நிறைந்து கிடந்தன. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ரோட்டில் ஈரமண் வாசனை. வழியில் ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தி, ஒன்றையும் எடுக்காமல், சும்மா நின்றுவிட்டுப் போனான்.

பொன்ராஜ் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முந்தானையை இழுக்கவில்லை. எழுந்து வழிவிட்டார்கள். அதுவே அவனுக்கு விசித்திரமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பெருமூச்சோடு சொன்னாள்:

"வாங்கய்யா. வயக்காட்டு மண்ணக் கரைச்சு ஊத்திப் பாத்தாச்சு. பாலு ஊத்திப் பாத்தாச்சு. வெள்ளிய ஒரசி ஊத்தியாச்சு. ஆசை எதுல நிக்கிதோ, உசுரு போவேனாங்குது. இனிமே நீங்கதான்."

பாண்டீஸ்வரனுக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. படம் எடுக்க அவனைக் கூப்பிடவில்லை. மண்ணுக்கும் பாலுக்கும் அடுத்தபடியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பொன்ராஜை மாட்டுக் கொட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். கோபத்தில் நாக்குக் குழறியது. "ஏண்டா, என்னைய என்னன்னுடா நெனச்ச? எமனா நானு?"

பொன்ராஜ் அழுதான். மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான். "முதுகெல்லாம் புண்ணு அண்ணாச்சி. பெரட்டிப் போட்டா கத்துறாக. பெத்த தாயி கத்துறத எத்தன நாளைக்குக் கேக்க முடியும்? எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல. ஆனா எதையும் விட்டுறக் கூடாதுல்ல."

அவனை அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. பாண்டீஸ்வரன் உள்ளே போனான்.

சந்தனம்மாளுக்குத் தலை வாரி, பூ வைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கிடந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கண் கேமராவைப் பார்த்ததும் மிரண்டது. இவன் கிட்டே போய்க் குனிந்தான்.

"நீதான் படம் எடுக்கிறவனா?" குரல் காற்றாக வந்தது. "ஏய்யா, எடுத்தா போயிருவேனாமே."

"யாரு சொன்னா ஆத்தா?"

"எனக்குக் காது கேக்காதுன்னு இவளுக பக்கத்துலயே ஒக்காந்து பேசுறாளுக. எனக்கு எல்லாம் கேக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "திருப்பூருலருந்து பேத்தி பொங்கலுக்கு வாறா. மக வயித்துப் பிள்ள. அவளப் பாத்துட்டுப் போறேனே. அதுக்குள்ள எடுக்காதய்யா."

மண்ணைக் கரைத்தார்கள், பாலை ஊற்றினார்கள். அவளிடம் என்ன வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியே எழுந்து வெளியே போய்விடலாம்தான். போனால் பொன்ராஜ் இன்னொரு வழியைத் தேடிக்கொண்டு அலைவான். பாண்டீஸ்வரன் திரும்பினான். "எல்லாரும் எனக்குப் பின்னால போய் நில்லுங்க. வெளிச்சத்த மறைக்காதீக" என்று அதட்டினான். வீடே அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. கேமரா முகப்பில் இருந்த கறுப்பு மூடியை அவன் கழற்றவில்லை. தலையணையைச் சரிசெய்வதுபோல் கிழவியின் காதோரம் குனிந்தான்.

"பயப்படாத ஆத்தா. மூடி போட்டிருக்கேன். சும்மா சத்தம் மட்டும் கேக்கும். ஒண்ணும் விழாது."

சந்தனம்மாள் மூடியைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். பின்னால் வரிசையாக நின்ற தன் வீட்டு ஆட்களைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. பல்லில்லாத வாய் மெல்லத் திறந்து, கன்னத்துச் சுருக்கமெல்லாம் கண்ணுக்கு ஓடி, அத்தனை பேரையும் ஏமாற்றிய குறும்போடு அந்த முகம் சிரித்தது. கூரை ஓட்டு இடைவெளியில் இறங்கிய வெயில் சரியாக அதன்மேல் விழுந்தது. இத்தனை வருடம் ரோடு ரோடாக அலைந்து அவன் பார்த்த முகங்களில் அப்படி ஒன்று இல்லை. அவன் விரல் தானாக அமுக்கியது.

"அம்மா சிரிக்காகடா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

வெளியே வந்ததும் பாண்டீஸ்வரன் பொன்ராஜின் கையைப் பிடித்தான். "பொங்கல் வரைக்கும் பாக்காத. அந்தத் திருப்பூருப் பிள்ளைய இன்னைக்கே வரச் சொல்லு. உங்கம்மா அதுக்குத்தான் காத்துக் கெடக்கு." பொன்ராஜ் தலையாட்டினான்.

அந்த வாரமே பொன்ராஜ் மொட்டை அடித்த தலையோடு கடைக்கு வந்தான். முகத்தில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. "நல்லபடியா முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. பேத்தி வந்து கையப் பிடிச்சா. மறுநா விடியும்போது சத்தமில்லாமப் போயிட்டாக. எல்லாம் நீங்க வந்த நேரம்."

"நான் வந்த நேரமில்லடா, பேத்தி வந்த நேரம்."

"ரெண்டுந்தான் அண்ணாச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தச் சிரிச்ச படத்தக் குடுங்க. கருமாதிக்குப் பிளக்ஸ் அடிக்கணும். வருசக்கணக்கா அவுக சிரிச்சு நாங்க பாத்ததில்ல."

இதற்குத்தான் பாண்டீஸ்வரன் காத்திருந்தான். கேமராவை எடுத்துவந்து அந்தப் படத்தைத் திரையில் காட்டினான். கட்டம் முழுக்க ஒரே இருட்டு.

"பாத்துக்க. நான் உங்கம்மாவ எடுக்கவே இல்ல. மூடியக் கழத்தவே இல்ல. எடுக்காமத்தான் அவுக போனாக. இத நாலு பேர்ட்ட நீயே சொல்லு, பொன்ராசு. என் கேமராவுல ஒண்ணுமில்லன்னு சொல்லு."

பொன்ராஜ் அந்தக் கறுப்பைப் பார்த்தான். பிறகு கேமராவைக் கும்பிடுவதுபோல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு மூடி அது இதுங்கிறீக. அப்பவே உசுரு கெளம்பிருச்சு அண்ணாச்சி. அதான் படத்துல விழல."

பாண்டீஸ்வரன் கேமராவை வாங்கிப் பைக்குள் வைத்து மூடினான்.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி பைக்கை எடுத்தான். வீரசோழன் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் சந்தனம்மாளின் பிளக்ஸ் நின்றது. ஆதார் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கண் இரண்டும் பிதுங்கி, வாய் இறுகி, யாரோ அதட்டியதுபோல் விழித்துக்கொண்டிருந்தாள். இது சந்தனம்மாள் இல்லை. சந்தனம்மாள் எப்படி இருந்தாள் என்று அவனுக்குத் தெரியும்; அவன் கேமராவுக்குத் தெரியாது. எடுத்திருந்தால் கிழவிக்குக் கொடுத்த வாக்குப் போயிருக்கும். எடுக்காததால் அந்தச் சிரிப்பே போய்விட்டது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நெஞ்சு ஆறவில்லை. அங்கேயே பைக்கில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் அழுதான்.

பஸ்ஸுக்காக ஒரு அம்மாள் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். பாண்டீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கி, கறுப்பு மூடியை விரலால் தட்டிக் காட்டினான்.

"பயப்படாதீக தாயி. மூடி போட்டிருக்கேன்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, பிளக்ஸுக்கு அந்தப் புறமாகப் போய் நின்றுகொண்டாள்.