நாலாவது கேள்வி

என் தங்கையின் இரண்டாவது ஆய்வுக் கட்டுரை போன மாதம் அச்சாகி வந்தது. கொண்டுவந்து காட்டினாள். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதினாலே எனக்கு இரண்டு தப்பு வரும். ஆனாலும் அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சந்தோஷம்தான். ஆனால் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

நான் தையல்காரி. அவள் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறாள், ஒன்பது வருடமாகத் தற்காலிகம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியபோது, மொழி தெரிந்த யாரிடமாவது கொடுத்துத் திருத்துங்கள் என்று இரண்டே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அழுது தீர்த்தாள். மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். அச்சான கட்டுரையில் ஒரு பத்தியைப் படிப்பாள், மூடிவைத்துவிட்டு அதையே தன் வார்த்தையில் எழுதுவாள், இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தன்னையே திட்டிக்கொள்வாள். என் வெட்டு மேஜையின் ஒரு மூலையில் ஆறு வருடம் இதுதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் அவளுடைய முதல் கட்டுரை வெளியானது.

அப்புறம் வந்து சேர்ந்தாள் பென்சில். அதே துறையில் புதிதாகச் சேர்ந்த பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால் நான் வைத்த பெயர். "அக்கா, அக்கா" என்று என்னையே சுற்றிவருவாள். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பேச்சில் வெளுத்துவாங்குவாள், எழுதச் சொன்னால் ஒரே ஜோடனை. என் தங்கைதான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"சுத்தி வளைக்காதடி. என்ன செஞ்சே, என்ன வந்துச்சு, அவ்வளவுதான். தேவையில்லாத வாக்கியம் வந்தா யோசிக்காம அடிச்சிடு."

அப்படி அடித்து அடித்து பென்சிலுக்கு இரண்டு கட்டுரை வெளிவந்தது. அதன்பின் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தாமல் எங்கேயும் அனுப்புவதில்லை என்று ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கல்லூரியில் நிரந்தர வேலை ஒன்று காலியானது. இரண்டு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்பது விதி. பென்சிலிடம் இருந்தது. என் தங்கையிடம் ஒன்றுதான். நேர்முகத் தேர்வுக்குள் இன்னொன்றை ஏதாவது ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்துவிட்டாலும் போதும்.

அது குழாய்த் தண்ணீரைப் பற்றிய கட்டுரை. நாற்பது வீட்டுத் தண்ணீரை, மூன்று வாரம், பாட்டிலில் பிடித்துவந்து சோதித்தாள். சனிக்கிழமை ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும் என்பதால் அன்றைய பாட்டில்கள் மட்டும் எங்கள் ஃபிரிட்ஜில், பாலுக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது வாரம் அந்தப் பாழாய்ப்போன ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. திங்கட்கிழமை பால் திரிந்தபோதுதான் கவனித்தோம். பதினொரு பாட்டில் சூடேறிப்போயிருந்தது. அவள் அதையும் சோதித்து மற்றதோடு சேர்த்துக்கொண்டாள்.

எழுதும்போது பென்சிலிடம் கேட்டாள். நான் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"இதை எழுதணும் இல்ல? மறைச்ச மாதிரி ஆயிடும்."

"உனக்கென்ன பைத்தியமா? பதினொண்ணுதானே. நாம மூணு பேரும் சொன்னாத்தானே வெளியில தெரியும்? விட்டுத்தள்ளு."

விட்டுவிட்டாள். அது என் தங்கையின் தப்புதான், அதை நான் மூடி மறைக்க மாட்டேன்.

ஆய்விதழ்காரர்கள் வந்த கட்டுரையை அப்படியே போடுவதில்லை. அதே துறையில் எழுதுகிற ஒருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அவர் பெயரை எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்களின் கட்டுரை வந்தால் என்னால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும், அதுதான் முறையாம்.

நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பன்னிரண்டு கேள்வி வந்தது. நாலாவதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "மூன்றாவது வாரத்து மாதிரிகள் சோதனை வரை குளிரில்தான் இருந்தனவா? ஆசிரியர் விளக்க வேண்டும்."

நூற்றிருபது பாட்டிலில் மூன்றாவது வாரம் மட்டும்! ஃபிரிட்ஜ் நின்றது தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் கேட்டிருக்க முடியாது. அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

"அவ தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டு வரவா?" என்றேன்.

"சும்மா இருக்கா. கேள்வி சரியான கேள்விதானே," என்றாள். குரல் உடைந்திருந்தது. "நேர்ல சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன்கா. இங்கதானே உக்காந்திருந்தா."

பதினொன்றையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டாள். முடிவு மாறவேயில்லை. ஆனால் அதற்குள் நேர்முகம் முடிந்துவிட்டது. வேலை பென்சிலுக்கு.

அடுத்த ஞாயிறு, எதுவுமே நடக்காதது போல, கேக் பெட்டியோடு வந்து நின்றாள். "அக்கா, உங்க கையால ஒரு டீ!"

என் தங்கை சிரித்த முகமாகவே அவளை உட்காரவைத்து, ஆய்விதழுக்கு எழுதிய பதில் கடிதத்தை நீட்டினாள். "வழக்கம்போலப் பாத்துக் குடுடி."

கேள்வி கேட்டவருக்கு ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லித்தான் பதிலைத் தொடங்க வேண்டுமாம். பன்னிரண்டு தடவை நன்றி எழுதியிருந்தாள். பாவி, எப்படித்தான் கை வந்ததோ. நாலாவது பதிலில் என்ன இருக்கிறது என்று காலையிலேயே எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள்: "சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி. குளிர்சாதனப் பெட்டி பழுதானது. பதினொரு மாதிரிகளை நீக்கிவிட்டேன். இது எங்கள் வீட்டு மேஜையருகே இருந்த மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்."

பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். முதல் பக்கத்தில் ஒரு கமா போட்டாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"கடைசி வாக்கியம் தேவையில்லன்னா அடிச்சிடு," என்றாள் என் தங்கை.

பென்சில் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு வளைந்து வளைந்து போனது. என் தங்கை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"சரியாத்தான் அடிச்சிருக்கே. அது இல்லாமத்தான் அனுப்பப்போறேன்."

பென்சில் எழுந்து செருப்பைத் தேடினாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "டீ வேணாம்கா, கிளம்பறேன்."

"உனக்கு யாரு டீ போட்டா?" என்றேன்.