டிராம் கதவில் வைத்த கால்

"நாங்க வரலை. நீ உன் ரெண்டு வருஷத்தை முடிச்சிட்டு வந்து சேரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் ஓசூரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் ஜெர்மனியில், பெயரைச் சொன்னால் எனக்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிற ஒரு ஊரில், அப்போதுதான் எழுந்து காபிக்குப் பால் வைத்திருந்தேன். போனில் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

நாங்கள் என்றால் அவரும் எங்கள் மகளும். அவளுக்கு அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. இங்கே ஒரு பள்ளியில் இடம் சொல்லிவைத்திருந்தேன். வருகிறாளா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். குடும்ப விசாவும் வந்துவிட்டது. அவர் தொழிற்சாலை டூல்ரூமில் பார்க்கும் வேலையை விடுவதாக எழுதிக்கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் இந்த வார்த்தை.

இத்தனைக்கும் என்னைக் கிளப்பி அனுப்பியதே அவர்தான். ஓசூர் தொழிற்சாலையில் நான் க்வாலிட்டி பிரிவில் இருந்தேன். ஜெர்மனியில் இருக்கிற தலைமைத் தொழிற்சாலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டபோது நான்தான் இழுத்தடித்தேன். "நீ முன்னாடி போ, நாங்க பின்னாடியே வர்றோம்" என்று சொல்லி, விசாவுக்காகப் பெங்களூருக்கு பைக்கிலேயே கூட்டிப் போய்வந்தார். அத்திப்பள்ளி நெரிசலில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்தபடி, "அங்க போய்ட்டா இந்தப் புகையெல்லாம் கிடையாது பாரு" என்று எனக்கு ஆசை காட்டினார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னைதான் தூரம், வெளிநாடு பக்கம். இரண்டு மணி நேரத்தில் பெங்களூர் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிப் போனவர் அவர்.

"ஏன் வரலை? என்னா ஆச்சு?" என்றேன்.

"நீதானே சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ தினமும் போன்ல என்ன சொல்ற? டிராம் விட்டுட்டுப் போயிட்டான், கடை மூடிட்டான், வழி கேட்டா மூஞ்சிய திருப்பிக்கிறான். அங்க போனதுல இருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கியா? அப்படிப்பட்ட ஊருக்குப் புள்ளைய எதுக்குக் கூட்டிட்டு வரணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் சொன்னதெல்லாம் உண்மைதான், அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

முதல் நாள் டிராம் வந்து என் முன்னால் நின்றது. கதவு திறக்கும் என்று நின்றேன். திறக்கவில்லை. டிராம் போய்விட்டது. கதவில் இருக்கிற பொத்தானை நாமே அழுத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் அழுத்தி ஏறினேன், எதிர்ப்பக்கம் போகிற டிராமில். தொழிற்சாலைக்குப் போக வேண்டியவள் ஒரு கோதுமை வயலுக்குப் பக்கத்தில் போய் இறங்கினேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் சூளகிரி, பாகலூர், கிருஷ்ணகிரி என்று மூன்று மொழியில் தொண்டை கிழியக் கத்துவார்கள். காதைப் பொத்திக்கொண்டு போனாலும் சரியான பஸ்ஸில் ஏறிவிடலாம். இங்கே கத்துவதற்கு ஆளே கிடையாது. எல்லாம் ஒரு பலகையில் எழுத்தாக ஓடும். அதைப் படித்து முடிப்பதற்குள் வண்டி போய்விடும். ஒருவரை நிறுத்தி வழி கேட்டால், அவர் தன் போனை எடுத்து அதில் தேடிப் பார்த்துச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா அது? என் கையிலும் போன் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல ஒரு மனுஷர் வேண்டும் என்றுதானே கேட்கிறேன்?

இதையெல்லாம் அவரிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

ஆனால் நான் எங்கே குறை சொல்லாமல் இருந்திருக்கிறேன்? பாகலூர் ரோட்டுப் புழுதியைத் திட்டுவேன். தண்ணீர் விடாத நாளைத் திட்டுவேன். கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடுவேன். என் பிறந்த ஊரான சிங்காரப்பேட்டைக்குப் போனால் அங்கேயும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவேன். அதற்காக எந்த ஊரையும் விட்டு ஓடியதில்லை. இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் பண்ணியவருக்கு என் வாயைப் பற்றித் தெரியாதா?

சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. இரண்டு வருடம். மகள் படிக்கக் கற்றுக்கொள்வதையும், முன்பல் விழுந்து முளைப்பதையும் நான் போனின் கண்ணாடிச் சதுரத்தில்தான் பார்க்கப்போகிறேனா?

"போனை வைக்காதீங்க" என்றேன். "இன்னிக்கு உங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டறேன். பாப்பாவோட ஸ்கூல் வரைக்கும் போறோம். பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க."

"பாப்பா பக்கத்து வீட்ல விளையாடப் போயிருக்கா."

"நீங்க பாருங்க போதும்."

ஜாக்கெட்டை மாட்டி, காதில் இயர்போனைச் சொருகி, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாண வீடியோ எடுக்கிறவன்கூட அவ்வளவு அக்கறையாக எடுத்திருக்கமாட்டான். ரொட்டிக் கடையைக் காட்டினேன். பூத்திருந்த மரங்களைக் காட்டினேன். குழந்தைகள் ஊஞ்சலாடும் மைதானத்தைக் காட்டினேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார்.

"ஊர்ல ஆளுங்களே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமைங்க. எல்லாம் வீட்ல இருப்பாங்க."

"நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமைதான் எல்லாம் வெளிய இருப்பாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சண்டை போடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டிராமில் ஏறினேன். கதவோரமாக நின்று, கண்ணாடி வழியாகத் தெரு தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்தேன். இங்கே டிராமில் சத்தமாகப் பேசக்கூடாது. எதிரில் நாயோடு உட்கார்ந்திருந்த அம்மா ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதனால் கிசுகிசுவென்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் மட்டும் டூல்ரூம் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் என் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஆற்றுப் பாலம் வந்தபோது "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பூங்காவை ஒட்டிய ஸ்டாப்பில் டிராம் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கதவு மூடப்போகிற நேரம், ஒரு பெரியவர் எங்களை நோக்கி வேகவேகமாக ஓடிவந்தார்.

"ஆகு, ஆகு!" என்று காதுக்குள் அலறினார் என் வீட்டுக்காரர். பதற்றம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். "ஆளு வர்றாரு பாரு, நிறுத்து!"

எங்கள் ஊர்ப் பக்கம் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிப்டுக்கு ஓடிவருகிற ஆள் தூரத்தில் தெரிந்தால், படியோரம் இருப்பவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றி நின்றுகொள்வார். டிரைவர் ஹாரனை அடிப்பார், கன்னடத்தில் நாலு வார்த்தை திட்டுவார், வண்டியை மட்டும் நகர்த்தமாட்டார். ஓடிவருகிறவர் யார், எந்த ஊர், என்ன பாஷை என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் பஸ்ஸை விட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. நாளைக்கு ஓடிவருவது நானாகவும் இருக்கலாம். அப்படி எத்தனையோ பேருக்கு நான் கால் வைத்திருக்கிறேன், எனக்கும் வைத்திருக்கிறார்கள்.

என் கால் தானாகப் போய்க் கதவில் நின்றது.

கதவு இடித்துத் திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடி திறந்தது. ஏதோ மணி கிணுகிணுவென்று அடித்தது. ஒலிபெருக்கியில் டிரைவர் எதையோ சொன்னார். அதில் கதவு என்கிற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. "வந்துட்டார், வந்துட்டார்" என்று நான் தமிழிலேயே கையை நீட்டிக் காட்டினேன். பெரியவர் வந்தார். டிராமைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அரைக்கால் சட்டையோடு, காதில் பாட்டுக் கேட்டபடி, எங்களைத் தாண்டி அப்படியே ஓடிப்போனார்.

அவர் உடம்புக்காக ஓடுகிறார்.

ஓசூரிலும் அப்படி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏரிக்கரையில், விடிகாலையில். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் எங்கள் ஊரில் பஸ்ஸுக்காகத்தான் ஓடுவார். டிரைவர் தன் அறையைத் திறந்துகொண்டு வந்து, என் காலையும் கதவையும் மாறிமாறிக் காட்டிப் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பழக்கமான விஷயம். அவர் நிதானமாக, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். டிராம் முழுக்க என்னைப் பார்த்தது. நாயோடு இருந்த அம்மா பெருமூச்சு விட்டார். எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் காதுக்குள் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கு இன்னும் ஒரு ஸ்டாப் இருந்தது. அதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக என் முகத்தைக் காட்டினேன்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. உங்களாலதான் இத்தனையும். நிறுத்து நிறுத்துன்னு காதுல கத்துனா?"

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். "இங்க உக்காந்து போன்ல ஒரு வார்த்தை சொன்னதுக்கே உனக்கு இவ்ளோ அசிங்கம். அங்கயே வந்துட்டா? இந்த ரோட்ல எந்த வண்டி எங்க நிக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அங்க வந்து கதவு திறக்கக்கூட உன்னைக் கேக்கணும். நீ வேலைக்குப் போயிடுவ. பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப, அவ முன்னாடி வழி தெரியாம முழிச்சிட்டு நிப்பேன். எனக்கு பயமா இருக்கு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. என் குறைகளை ஒரு சாக்காகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாவமாக இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"கால் வெச்சது நீங்களா, நானா?" என்றேன். "வந்ததுல இருந்து நான் தினமும் முழிச்சிட்டுதான் நிக்கிறேன். அதைச் சொல்லத்தான் உங்களுக்கு போன் பண்றேன். நீங்க என்னடான்னா ஊரைக் குறை சொல்றேன்னு எடுத்துக்கிட்டீங்க. இன்னிக்கு டிராம் பூரா என்னைப் பார்த்துச்சு. ஆனா இங்க வந்தப்புறம் இன்னிக்குத்தான், நான் மாட்டிக்கிட்டா சிரிக்க ஒரு ஆள் கூட இருந்தீங்க. எனக்கு வழி காட்டறதுக்கு ஆள் வேணாங்க. கூட நின்னு முழிக்க ஆள் வேணும்."

தெருவில் அழுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு அழுதேன். ஒரு தம்பதி என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன?

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"அந்த ஸ்கூல் வீட்ல இருந்து ரொம்ப தூரமா?"

"டிராம்ல சீக்கிரம் வந்துடலாம்."

"டிராமை விடு. நடந்தா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் அந்த வழியில் நான் நடந்து பார்த்ததே இல்லை. எப்போதும் ஓட்டம், எப்போதும் எதையாவது பிடிப்பதிலேயே குறி. "நடந்ததில்லைங்க" என்றேன்.

"எழுந்திரு. முதல்ல ஸ்கூலுக்குப் போ."

எழுந்து தண்டவாளத்தை ஒட்டியே போனேன். பள்ளி மூடிக் கிடந்தது. கம்பிக் கதவு வழியாக மைதானத்தையும், சுவரில் குழந்தைகள் வரைந்திருந்த சூரியன்களையும் காட்டினேன். அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"போதுமா? வெச்சிடவா?" என்று கேட்டேன்.

"வைக்காத. இங்க இருந்து வீட்டுக்கு நட. மெதுவா நட, திரும்பற இடமெல்லாம் சரியாக் காட்டு" என்றார். "பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு நான் தனியாத்தானே திரும்பி வரணும்?"