பந்தல்குடி ரோட்டில் வேர் கட்டப் போனோம்

வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர்தான். எதிரே வந்த பஸ்களில் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் படிவரைக்கும் நின்றுகொண்டு வந்தார்கள். எங்கள் பஸ்ஸில் பாதி இருக்கை காலி. காரியாபட்டி தாண்டியபின் பச்சை என்று கண்ணில் பட்டதெல்லாம் சீமைக் கருவேலம்தான்.

நான் போனது கலைச்செல்வியைப் பார்க்க. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராஜாமணிக்கு அவளைக் கொடுத்தார்கள். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருப்பதாகப் போனில் சொன்னாள். குரல் சரியில்லை. பார்த்துவிட்டு மறுநாளே கும்பகோணம் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன்.

அருப்புக்கோட்டையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திருச்சுழி பஸ் பிடித்தேன். நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னை ஒருமுறை பார்த்தார்.

"காமாலைக்காரவுகளைப் பாக்கப் போறீகளா? அந்த ஊருல வீட்டுக்கு ஒருத்தரு படுத்திருக்காக. தண்ணி மட்டும் குடிச்சிராதீக."

அந்தத் தண்ணீரை இறங்கிய உடனேயே பார்த்தேன். ஊருக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் உண்டு. ஆனால் தரைமட்டத்துக்கு மேலே ஏறிவரத் தண்ணீருக்கு வேகம் இல்லை. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அறுத்து, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். குழிக்கு ஒரு முழம் தள்ளிச் சாக்கடை ஓடுகிறது. தண்ணீர் வராத நாட்களில் சாக்கடை கசிந்து குழியில் நிற்கும். மறுபடி தண்ணீர் வரும் அன்று அதை இறைத்து ஊற்றிவிட்டுக் குடத்தை வைப்பார்கள். நான் போனபோது கலை வீட்டுக் கடை வாசல் குழியில் கறுப்பாகக் கணுக்கால் அளவு நின்றது. வண்டித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய். அதை வாங்கிக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் மோர் கலக்கவும் குழித் தண்ணீரையே புழங்கியிருக்கிறார்கள்.

ராஜாமணி அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உடம்புக்காரர். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். சாப்பாட்டு வாசனை பட்டாலே குமட்டுகிறது என்றாள் கலை. ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாராம், பகலில் எழுப்ப முடியாமல் தூங்குகிறாராம். மதுரைக்குப் போய் ரத்தம் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்னது அவர்தான். போன வருடம் அவருடைய சேக்காளி ஒருவருக்கு இதே காமாலை வந்து, பந்தல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் வேர் கட்டி எழுப்பிவிட்டாராம். அன்றைக்கே அங்கே போகக் கார் சொல்லியிருந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

கார் ஓட்டியவர் சேகர், அதே ஊர்க்காரர். அருப்புக்கோட்டைக்கு வந்து தூத்துக்குடி ரோட்டில் திரும்பி, பந்தல்குடி தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு புரோட்டாக் கடைக்குப் பின்னால் மண்பாதையில் போனோம். தகரக் கொட்டகையின் கீழே முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் ஒரே நிறம். வைத்தியர் மரியாதையான மனிதர். காசு கேட்கவில்லை, உண்டியலைக் காட்டினார். அரைத்த பச்சிலையை மோரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, வலது கையில் வேரைக் கட்டினார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது என்றார். எத்தனை நாளாகக் காமாலை என்று கேட்டார். பகல் தூக்கத்தைப் பற்றிக் கலை சொல்லத் தொடங்கியபோது அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அண்ணன் தலையைக் கண்ணாடியில் சாய்த்தபடி வந்தார். பந்தல்குடிக் கடைத்தெருவைக் கடந்ததும் கண்ணைத் திறந்து கலையைப் பார்த்தார்.

"உளுந்து எத்தனை கிலோம்மா போட?"

கலை சிரித்துவிட்டாள். தூக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் அதையே கேட்டார். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். என் பெயர் என்ன என்று கேட்டேன். பதிலில்லை. அவர் மனைவியின் பெயரைக் கேட்டேன். அதற்கும் இல்லை. கலையின் முகம் மாறிப்போனது.

சேகர் வண்டியை ஓரங்கட்டினார். "அக்கா, இது வெறும் காமாலை மாதிரி தெரியல. அருப்புக்கோட்டையில நிக்காம நேரா மதுரைக்கு விட்டுரவா?"

கலை என்னைப் பார்த்தாள். விடச் சொல் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோதனையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து எங்களை உட்காரவைத்துப் பேசினார். இது தண்ணீரில் வருகிற காமாலை. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தால் தானாகவே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தது தெரியாமல்கூடப் போகும். நாற்பது தாண்டியவர்களுக்கு அபூர்வமாக ஈரலையே சாய்த்துவிடும், அப்போது விஷம் மூளைக்கு ஏறும் என்றார். முன்பே வந்திருந்தால் என்று கலை கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கவனித்திருப்போம் என்றார் டாக்டர். சென்னைக்குக் கொண்டுபோவது, மாற்று ஈரல் வைப்பது என்றெல்லாம் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு ஒரு முடிவுக்கு வருமுன்பே, செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே அவர் கையிலிருந்த வேரை நர்ஸ் கத்தரித்துக் கலையிடம் கொடுத்திருந்தார். அவள் அதைத் தூக்கிப் போடவில்லை.

ஆவணியில் இரண்டாம் முறை போனேன். அதே பஸ், அதே கருவேலம். கடை திறந்திருந்தது. தராசுக்கு முன்னால் கலை நின்றாள். இளைத்திருந்தாள். வலது கையில் வேர் கட்டியிருந்தது.

கருமாதி முடிந்த பிறகு அவளுக்கும் காமாலை வந்ததாம். யாரிடமும் சொல்லாமல் பந்தல்குடி போய்க் கட்டிக்கொண்டு வந்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, எழுந்துவிட்டாள். ஊரில் படுத்த மற்றவர்களும் அப்படித்தான் எழுந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போனது ராஜாமணி அண்ணன் ஒருவர்தான். செத்ததும் அவர் ஒருவர்தான்.

சாப்பாடு போட்டாள். நான் கை கழுவி வந்ததும் சொன்னாள்.

"நீ அன்னைக்கு வராம இருந்திருந்தா அவுக இருந்திருப்பாக மீனா."

நான் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். உனக்கு வேர் கட்டாமலேயும் சரியாகியிருக்கும், அவருக்கு வேர் கட்டியபோதே ஈரல் போயிருந்தது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

"நானும் உன்கூடத்தான் படிச்சேன்" என்றாள். "ஒரே வேரு. கட்டி வச்சிருந்த நான் பொழச்சேன். அவுக கையில இருந்ததை வெட்டி எடுத்தாக, செத்துட்டாக. இதுல எனக்கு என்ன புரியலைங்கிற?"

தண்ணீரையாவது காய்ச்சிக் குடி என்றேன். சரி என்றாள், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுபோல.

வாசல் குழி அப்படியே இருந்தது. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தார்களாம். காமாலை வந்தது கோயில் கொடைத் திருவிழாச் சாப்பாட்டில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சாக்கடைமேல் வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் தூவிய தடம் மட்டும் தெரிந்தது.

கலை பஸ் வரும்வரை என்னோடு ரோட்டில் நின்றாள். பழைய பழக்கம். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னாள், "வருசத் திதிக்குச் சொல்லி விடுறேன். சொன்னா வா."

கும்பகோணத்தில் எங்கள் தெருவிலும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில்தான் போகின்றன. காவிரிக் கரை என்ற பெருமை அந்தப் பள்ளத்துக்குத் தெரியாது. போன மழையில் ஒருநாள் குழாயில் கலங்கலாக வந்தது. பக்கத்து வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. நான்கு வாளி போனால் தெளிந்துவிடும் என்றார்கள்.

கலை கோபப்பட வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன. குழியிடம் கோபப்பட முடியாது. பஞ்சாயத்திடம் கோபப்பட்டுப் பார்த்தாள், பவுடர் கிடைத்தது. மிச்சமிருந்தது நான்தான். இதை நினைத்து அவள்மேல் வருத்தப்படாமல் இருக்கப் பார்க்கிறேன், சில நாள் முடிகிறது.

வைகாசி மறுபடி வந்து போய்விட்டது. திதிக்கு அவள் சொல்லி விடவில்லை.